குமுளியில் சம்பளம், கே.கே.பட்டியில் மூன்று சென்ட்: வீட்டுத் திட்டத்துக்கு யார் வருமானம் கணக்கு?

கேட்ட தம்பியின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். சொந்த ஊர் காமயகவுண்டன்பட்டி, நம் வாய்க்கு கே.கே.பட்டி. வேலை குமுளியில் ஒரு லாட்ஜில், மாதம் 14,000. மனைவி வண்டிப்பெரியாறு பக்கத்துப் பெண். காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறார். நாளுக்கு 450 கூலி, ஆண்டுக்கு 170 நாள் வேலை கிடைத்தால் அதிகம். இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிறவர்கள். அதே வீட்டில் அப்பா, அம்மா, கல்யாணமாகாத தம்பி. அப்பா திராட்சைத் தோட்டத்தில் காவல், மாதம் 5,000. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் 22,000 வாங்குகிறார். குடியிருப்பது அப்பா பெயரில் உள்ள தார்சு வீடு. நகையை விற்று மனைவி பெயரில் மூன்று சென்ட் வாங்கி, பட்டாவும் ஆகிவிட்டது. மனைவி பெயர் மட்டும் இன்னும் கேரளாவில் மாமியார், அதாவது மனைவியின் அம்மா, ரேஷன் கார்டிலேயே இருக்கிறது.

அவர் கேட்பது மூன்று. வருமான வரம்பு 3 லட்சமா, 6 லட்சமா, 9 லட்சமா, 18 லட்சமா? ஒவ்வொரு வீடியோவும் ஒன்று சொல்கிறது. வருமானச் சான்றில் ஆண்டுக்கு 72,000 போட்டுவிடச் சொல்கிறார்கள், போடலாமா? கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் 4 லட்சம் கொடுக்கிறார்களே, மனைவி கார்டை வைத்து அங்கே கேட்கலாமா?

சுருக்கமான பதில்: கே.கே.பட்டியிலேயே, மனைவி பெயரில், உள்ளதை உள்ளபடி எழுதியே உங்களுக்குத் தகுதி வருகிறது. 72,000 தேவையே இல்லை. லைஃப் வழியை விட்டுவிடுங்கள். ஏன் என்பதுதான் நீளம்.

நான் கம்பத்தில் 11 வருடமாக இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். வீட்டுத் திட்டம் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது வருமான வரம்பைத்தான். ஆனால் வரம்பைத் தாண்டியதால் விழுந்த மனு என் கண்ணில் பட்டது குறைவு. பெரும்பாலும் விழுவது வேறு இடத்தில்: குடும்பம் என்றால் யார் யார், எந்த எல்லைக்குள் குடியிருக்கிறோம், ஏற்கெனவே வீடு யார் பெயரில், பட்டா யார் பெயரில். 3 லட்சம் என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதால் இவை கண்ணில் படுவதில்லை.

எல்லையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் இதில்தான் அதிகக் குழப்பம். பிரதமர் வீடு என்று நாம் ஒரே வாயில் சொல்வது இரண்டு தனித்தனித் திட்டங்கள். நகர்ப்புறத்துக்கு ஒன்று, கிராமத்துக்கு ஒன்று. நகராட்சி மட்டும்தான் நகர்ப்புறம் என்று நினைத்துவிட வேண்டாம், பேரூராட்சியும் நகர்ப்புறத்தில்தான் வரும். கே.கே.பட்டி பேரூராட்சி. பக்கத்திலேயே சுருளிப்பட்டி ஊராட்சி. அதே திராட்சைப் பந்தல், அதே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், ஆனால் ஒரு ஊருக்கு நகர்ப்புற விதி, அடுத்த ஊருக்குக் கிராம விதி. உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம் எல்லாம் பேரூராட்சிகள். நாராயணத்தேவன்பட்டி, குள்ளப்பகவுண்டன்பட்டி, ஆங்கூர்பாளையம் எல்லாம் ஊராட்சிகள். "நாங்க கிராமம்தானே சார்" என்று சொல்லிக்கொண்டு பேரூராட்சிக்காரர்கள் ஒன்றிய அலுவலகத்துக்கு அலைந்து திரும்புவதை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் யார் முத்திரை இருக்கிறதோ அவர்தான் உங்களுக்கு.

இந்த எல்லை மாறினால் வருமானத்தை எண்ணுகிற முறையே மாறிவிடும்.

நகர்ப்புறத் திட்டம் இப்போது நடப்பது இரண்டாம் கட்டம். 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஐந்து ஆண்டுக்கு, ஒரு கோடிக் குடும்பங்களுக்கு என்று இலக்கு. இதில் மூன்று படிகள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை என்றால் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. 3 முதல் 6 வரை குறைந்த வருமானப் பிரிவு. 6 முதல் 9 வரை நடுத்தர வருமானப் பிரிவு. அவ்வளவுதான். வீடியோவில் சொல்கிற 18 லட்சம் பழைய கதை. 2015இல் தொடங்கிய முதல் கட்டத்தில் வீட்டுக்கடன் வட்டி மானியத்துக்கு 12 லட்சம், 18 லட்சம் என்று இரண்டு நடுத்தரப் படிகள் இருந்தன. அது 2021 மார்ச்சோடு முடிந்தது. நலிந்த பிரிவுக்கும் குறைந்த வருமானப் பிரிவுக்கும் கொடுத்த 2.67 லட்சம் வரையிலான வட்டி மானியம் 2022 மார்ச்சோடு நின்றது. இன்னமும் அந்த 2.67 லட்சத்தைச் சொல்லி வீடு விற்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம்.

நலிந்த பிரிவுக்கு 6 லட்சம் வரை என்று சிலர் சொல்வதும் சும்மா வந்ததில்லை. மாநிலங்கள் மத்திய அமைச்சகத்தின் ஒப்புதலோடு வரம்பை மாற்றிக்கொள்ளலாம். மும்பைப் பெருநகரில் அப்படி 6 லட்சமாக ஏற்றினார்கள். அங்கே இருக்கிற விலைவாசிக்கு அது சரி. அதை இங்கே கே.கே.பட்டியில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். 8 லட்சம் என்றும் சிலர் சொல்வார்கள், அது வேறு ஆள். 2019இல் வந்த பத்து சதவீத இடஒதுக்கீட்டுக்கும் "பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு" என்றுதான் பெயர். பெயர் ஒன்று, காரியம் வேறு. படிப்புக்கும் வேலைக்கும் வந்த அந்த வரம்பை வீட்டு மனுவில் யாரும் பார்ப்பதில்லை.

சரி, மூன்று படியில் எந்தப் படிக்கு என்ன கிடைக்கும்? சொந்த மனையில் வீடு கட்ட உதவி வேண்டுமென்றால் நலிந்த பிரிவில், அதாவது 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் மத்திய அரசு பங்கு 1.50 லட்சம், மாநிலப் பங்கு குறைந்தது 1 லட்சம். 3 லட்சத்தைத் தாண்டி 9 லட்சம் வரை இருப்பவர்களுக்கு மிச்சமிருக்கிற முக்கிய வழி வீட்டுக்கடன் வட்டி மானியம்தான். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதில் முதல் 8 லட்சத்துக்கு மட்டும் 12 ஆண்டு வரையான காலத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் கணக்கிடுவார்கள். கூடிப்போனால் 1.80 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுத் தவணையாகக் கடன் கணக்கில் வரும். இடையில் கடனை அடைத்து முடித்துவிட்டால் மீதித் தவணை கிடையாது.

இப்போது உங்கள் கணக்கு. பேப்பரை எடுத்து வையுங்கள்.

உங்கள் சம்பளம் 14,000 பெருக்கல் 12, அது 1,68,000. மனைவி 450 பெருக்கல் 170, அது 76,500. இரண்டும் சேர்ந்து 2,44,500. இதோடு தம்பியின் 2,64,000, அப்பாவின் 60,000 எல்லாம் கூட்டினால் 5,68,500. நீங்கள் பயந்தது இந்த எண்ணைப் பார்த்துத்தான். ஒரே அடுப்பு, ஒரே வாசல், அதனால் ஒரே குடும்பம் என்று நாம் நினைக்கிறோம். திட்டத்தின் விதியில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத மகன்கள், மகள்கள். அப்பா, அம்மா, தம்பி அதில் வரமாட்டார்கள். ஆகவே உங்கள் குடும்ப வருமானம் 2,44,500. வரம்புக்கு 55,500 கீழே.

ஆனால் இதே விதியை உங்கள் அப்பா பக்கம் திருப்பிப் பாருங்கள். அவர் மனு போட்டால் அவர் குடும்பத்தில் அம்மாவும் கல்யாணமாகாத தம்பியும் வருவார்கள். 3,24,000. அவருக்கு வீடு இருக்கிறது, அதனால் அவர் போடப் போவதில்லை. ஆனாலும் ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கு வரம்புக்குள், இன்னொருவருக்கு வரம்புக்கு வெளியே என்று வருவது எப்படி என்று இதில் தெரிகிறது.

இன்னும் வேடிக்கை, இதே நீங்கள் சுருளிப்பட்டியில் இருந்திருந்தால். கிராமத் திட்டத்தில் 3 லட்சம் என்ற பேச்சே கிடையாது. அங்கே இருப்பது விலக்கும் பட்டியல். அதில் வருமானத்தைப் பற்றி ஒரு நிபந்தனை: குடும்பத்தில் எந்த ஒருவரும் மாதம் 15,000க்கு மேல் சம்பாதிக்கக் கூடாது. முன்பு 10,000 ஆக இருந்தது, 2024இல் ஏற்றினார்கள். மொத்தத்தை அங்கே கூட்ட மாட்டார்கள், ஆளாளுக்குத்தான் பார்ப்பார்கள். கணவன் 14,000, மனைவி 14,000 என்றால் ஆண்டுக்கு 3,36,000. கே.கே.பட்டியில் இந்தக் குடும்பம் நலிந்த பிரிவு இல்லை. சுருளிப்பட்டியில் இதே குடும்பம் அந்த வருமான நிபந்தனையில் சிக்காமல் தப்பிவிடும். மறுபுறம், கணவன் மட்டும் 16,000 வாங்கி மனைவி வீட்டில் இருந்தால் ஆண்டுக்கு 1,92,000. பேரூராட்சியில் தாராளமாக உள்ளே, ஊராட்சியில் வெளியே. இதில் எது நியாயம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்காக அந்தப் பட்டியலையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய பட்டியலைத்தான் இன்னும் ஊரில் ஒப்பிக்கிறார்கள். பைக் இருந்தால் வீடு கிடையாது, பிரிட்ஜ் இருந்தால் கிடையாது என்பது முன்பு உண்மை. 2024இல் பைக், பிரிட்ஜ், வீட்டுத் தொலைபேசி மூன்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பவை: மூன்று அல்லது நான்கு சக்கர மோட்டார் வண்டி, டிராக்டர் மாதிரி விவசாய வண்டி, 50,000 அல்லது அதற்கு மேல் வரம்புள்ள கிசான் கிரெடிட் கார்டு, அரசு ஊழியர், அரசில் பதிவுசெய்த விவசாயமல்லாத தொழில், வருமான வரி, தொழில் வரி, பாசன நிலம் இரண்டரை ஏக்கரோ அதற்கு மேலோ, மானாவாரி ஐந்து ஏக்கரோ அதற்கு மேலோ, அப்புறம் மேலே சொன்ன 15,000. எல்லைப் பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது தொழில் வரி. கேரளாவில் ஒழுங்கான சம்பளப் பட்டியலில் இருக்கும் ஆளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சாயத்துத் தொழில் வரி பிடிப்பார்கள். சின்னத் தொகைதான், சம்பளக்காரர் கவனிப்பதே இல்லை. ஆனால் கிராமத் திட்டத்தில் அது ஒரு விலக்கு. மலை ஏறி வேலைக்குப் போகிற ஊராட்சிக்காரர்கள் சம்பளச் சீட்டை ஒருமுறை நன்றாகப் படித்துவிடுவது நல்லது.

கிராமத்தில் இன்னொன்றும் உண்டு. இந்த விலக்கில் விழாமல் இருந்தால் மட்டும் போதாது, கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், கிராம சபை ஒப்புக்கொள்ள வேண்டும். சமவெளியில் திட்டத் தொகை 1.20 லட்சம், அதற்கு மேல் நம் மாநில அரசு கான்கிரீட் கூரைக்குச் சேர்த்துக் கொடுக்கிறது. குடிசையில் இருப்பவர்களுக்கு 2024இல் வந்த கலைஞர் கனவு இல்லம் தனி: 3.50 லட்சம், 360 சதுர அடி. அதுவும் ஊராட்சிப் பகுதிக்குத்தான். அதில் வருமானத்தைவிட, நீங்கள் உண்மையிலேயே குடிசையில் இருக்கிறீர்களா, பட்டா இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். அப்பாவின் தார்சு வீட்டில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

இனி 72,000.

போன ஐப்பசியில் ஒரு அம்மா என் மையத்துக்கு வந்தார். சாயங்காலம் ஆறரை மணி, ஜீப்பிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார். கையில் தூக்குவாளி, மழைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். ஏலக்காய் எடுத்த கை, விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. பையிலிருந்து ஒரு கூலி நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். கங்காணி மலையாளத்தில் எழுதியது. வாராவாரம் எத்தனை நாள், எவ்வளவு, முன்பணம் எவ்வளவு கழித்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டினோம். ஆடியில் மழையால் நாலு நாள்தான். பங்குனியில் ஒரு வாரம் முழுக்க வெறும் கோடு. ஆண்டுக்கு 70,000த்தைத் தாண்டியது. வீட்டுக்காரர் லோடுமேன், அவர் கணக்கையும் சேர்த்தால் இரண்டேகால் லட்சம். "இதை எழுதினா கிடைக்காதுன்னாங்களே, எழுபத்திரண்டாயிரம் போடுங்க" என்றார். யார் சொன்னது என்று கேட்டால் எல்லாரும்தான் சொல்கிறார்கள்.

அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு காலத்தில் 72,000தான் வரம்பு. பிறகு 1.20 லட்சமாகிவிட்டது. எண் மட்டும் ஊர் வாயில் தங்கிவிட்டது. கல்வி உதவித்தொகையா, காப்பீடா, வீடா, எதுவானாலும் 72,000 என்று எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. மகளிர் உரிமைத்தொகைக்கு வரம்பு 2.50 லட்சம், நகர்ப்புற வீட்டுக்கு 3 லட்சம். ஒவ்வொன்றுக்கும் வரம்பு வேறு வேறு. எல்லாவற்றுக்கும் அடிமட்ட எண்ணை எழுதினால் என்ன லாபம்? நலிந்த பிரிவில் 72,000 காரருக்கும் 2,95,000 காரருக்கும் ஒரே தொகைதான். குறைத்து எழுதியதற்காக ஒரு மூட்டை சிமெண்டுகூட அதிகம் தரமாட்டார்கள்.

நட்டம் உண்டு. உங்களுக்கு இரண்டரை லட்சம் கிடைத்தால் அதை வைத்து வீடு முடியாது. விதிப்படி வீட்டின் உள்பரப்பு 30 முதல் 45 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 323 முதல் 484 சதுர அடி. சதுர அடிக்கு 2,000 என்று குறைத்து வைத்தாலும் 400 அடிக்கு 8 லட்சம். மிச்சம் ஐந்தரை லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? வங்கிக்குத்தான் போக வேண்டும், இல்லையென்றால் வட்டிக்காரரிடம். வங்கியில் மேனேஜர் கேட்கிற முதல் கேள்வி, மாதம் எவ்வளவு வருகிறது என்பது. 72,000 சான்றைக் காட்டினால் மாதம் 6,000 வருமானக்காரருக்கு என்ன கடன் தருவார்? சம்பளம் 14,000 என்று வங்கிக் கணக்கில் ஏறுகிறதைக் காட்டினால், "அப்போ இந்தச் சான்று?" என்பார். எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டார். அரசு மனுவில் ஒரு எண், வங்கியில் ஒரு எண். கடைசியில் தளம் போடுகிற நேரத்தில் வாரவட்டிக்கு வாங்கினார், அதை இன்னும் கட்டுகிறார். அந்தச் சான்றை எழுதிக்கொடுத்த கடைக்காரர் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்துவிட்டார்.

அதனால் என் மையத்தில் ஒரு வழக்கம். எந்தத் திட்டமானாலும் குடும்பக் கணக்கை ஒரு தாளில் எழுதவைப்பேன். அந்த எண்தான் எல்லா இடத்துக்கும் போகும். அந்த அம்மாவுக்கும் இரண்டேகால் லட்சம் என்றுதான் போட்டோம். கிராம நிர்வாக அலுவலர் கூலி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சான்று வந்தது.

உங்களுக்கும் அதே வழி. கேரளாவில் வேலை பார்த்தாலும் சான்று வாங்குவது உங்கள் ஊர் இருக்கிற உத்தமபாளையம் தாலுகாவில்தான். அங்கே சம்பாதிப்பதும் வருமானம்தான், மலைக்கு அந்தப் பக்கம் வாங்கியது கணக்கில் வராது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லாட்ஜில் சம்பளச் சீட்டோ முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதமோ வாங்குங்கள். மனைவிக்குக் கூலி நோட்டு. இ-சேவையில் கட்டணம் 60 ரூபாய். சான்று ஓராண்டுதான் செல்லும், ஆகவே வீட்டு மனு போடப்போகிற சமயத்தில் வாங்குங்கள், இப்போதே வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள்.

மூன்றாவது கேள்வி, லைஃப். அங்கே 4 லட்சம் என்பது உண்மை. இங்கே 2.50, அங்கே 4 என்றால் ஆசை வரத்தான் செய்யும். எல்லைப் பக்கத்தில் இரண்டு பக்கமும் கார்டு வைத்திருப்பது நமக்குப் புதிதும் இல்லை. தாத்தா காலத்தில் எஸ்டேட்டில் ஒரு கார்டு, ஊரில் ஒரு கார்டு. ஆதார் வந்த பிறகு அந்தக் காலம் மலையேறிவிட்டது.

லைஃப் 2016இல் தொடங்கியது. 2020இல் புதிதாக மனு வாங்கியபோது வைத்த விதிகளில் வருமானம் 3 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது, பஞ்சாயத்தில் 25 சென்டுக்கு மேலும் நகராட்சியில் 5 சென்டுக்கு மேலும் நிலம் இருக்கக்கூடாது என்றெல்லாம் இருந்தது. வரம்பு இங்கே இருக்கிற அதே 3 லட்சம்தான். ஆனால் குடும்பம் என்பதை அங்கே எடுத்துக்கொண்டது ரேஷன் கார்டைவைத்து. ஒரு கார்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு குடும்பம். அப்படியென்றால் உங்கள் மனைவி உங்கள் மாமியார் குடும்பத்து ஆள். மாமியாருக்கு வீடு கிடைத்தால் அதில் உங்கள் மனைவியும் பயனாளிக் குடும்பத்தில் ஒருவர் என்று பதிவாகும். அப்புறம் இங்கே மனு போடும்போது, கடந்த 20 ஆண்டில் எந்த அரசு வீட்டுத் திட்டத்திலும் பயன்பெறவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மத்திய, மாநில, உள்ளாட்சி எதுவானாலும் சேரும், எந்த மாநிலம் என்ற பேச்சில்லை. அந்த இடத்தில் சிக்கல் வரும். மாமியார் எஸ்டேட் லயத்தில் இருப்பவர் என்று எழுதியிருந்தீர்கள். லயம் கம்பெனி வீடு, வேலையிலிருந்து நின்றால் காலி செய்ய வேண்டும். அந்த அம்மாவுக்குத்தான் லைஃப் வீடு அவசியம். மகள் பெயர் அந்தக் கார்டில் இருந்து, மருமகன் சம்பளம், தமிழ்நாட்டில் மூன்று சென்ட் என்று யாராவது விசாரித்து, அவருக்கும் கிடைக்காமல் போய்விடக் கூடாது. அவருக்காகவாவது உங்கள் மனைவி பெயரை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

பெயர் நீக்கிய சான்றை அங்கே வாங்கி, இங்கே உங்கள் கார்டில் சேருங்கள். இதை முதல் வேலையாக வையுங்கள், வீட்டு மனு அதற்குப் பிறகு. ஏற்கெனவே நீங்கள் இழந்திருக்கிற இன்னொன்றும் இதில் இருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 மகளிர் உரிமைத்தொகை ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே கார்டில் பெயர் இல்லாத பெண் அதற்கு மனு போடவே முடியாது. அதே சமயம், உரிமைத்தொகையில் கார்டில் இருப்பவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்க்கும்போது தம்பியின் சம்பளமும் கண்ணுக்குத் தெரியும். அதனால் சேர்க்கும்போதே அப்பா கார்டில் சேர்க்காமல், உங்களுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கார்டு கேளுங்கள். தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்க்க வருவார்கள், அடுப்பு தனியாக இருக்கட்டும். கே.கே.பட்டியில் புது வீட்டுக்குப் போனால் எப்படியும் தனி அடுப்புதானே.

அப்பாவின் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ நாட்டில் எங்கேயும் நிரந்தர வீடு இருக்கக் கூடாது என்பது விதி. அப்பா பெயரில் இருப்பது உங்கள் வீடு அல்ல. ஆனால் ஊரில் நல்ல எண்ணத்தில் சிலர், "அப்பா இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதி வாங்கிக்கோ" என்று சொல்வார்கள். இந்த மனு முடிகிறவரை அதைச் செய்யாதீர்கள். செட்டில்மெண்ட் எழுதிய மறுநாள் உங்களுக்கு வீடு இருக்கிறது என்று ஆகிவிடும். போன வருடம் ஒருவர் இப்படித்தான், மனு ஒப்புதலுக்குப் போன வாரம் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை பத்திரம் பதிந்தார். பாகத்தில் அவருக்கு வந்தது ஒரு பழைய காரை வீடு. அதோடு முடிந்தது.

மூன்று சென்ட் மனைவி பெயரில் இருப்பது நல்லதாகவே போயிற்று. வீடு குடும்பத் தலைவி பெயரிலோ இருவர் பெயரிலோதான் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் போக்கு. மூன்று சென்ட் என்றால் 1,300 சதுர அடிக்கு மேல், கட்டப்போகும் அளவுக்குத் தாராளம். பட்டாவில் உள்ள பெயரின் எழுத்தும் ஆதாரில் உள்ள எழுத்தும் ஒன்றா என்று பாருங்கள். வண்டிப்பெரியாறில் எடுத்த ஆதார் என்றால் மலையாள உச்சரிப்பில் பெயர் இருக்கும், இனிஷியலுக்குப் பதில் அப்பா பெயர் முழுக்க இருக்கும். இங்கே பத்திரத்தில் ஒரு மாதிரி, அங்கே ஆதாரில் ஒரு மாதிரி. இந்த ஒரு விஷயத்துக்காக மனு திரும்பி வந்ததை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், வருமான வரம்பால் திரும்பியதைவிடப் பல மடங்கு. ஆதாரில் முகவரி கே.கே.பட்டிக்கு மாறும்போதே பெயரையும் பத்திரத்தில் உள்ளபடி சரிசெய்துவிடுங்கள். வங்கிக் கணக்கும் அதே பெயரில், ஆதார் இணைத்ததாக இருக்க வேண்டும்.

பணம் மொத்தமாக வராது. கட்டக் கட்ட, ஒவ்வொரு நிலையிலும் ஆள் வந்து போட்டோ எடுத்து இடத்தோடு பதிவேற்றிய பிறகு தவணை வரும். அதனால் அஸ்திவாரச் செலவு கையில் இருக்க வேண்டும். வட்டி மானியத்தையும் சேர்த்து வாங்கலாமா என்று கேட்பீர்கள். இரண்டும் ஒரே திட்டத்தின் இரண்டு கிளை, ஒரு குடும்பம் ஒன்றைத்தான் எடுக்க முடியும். உங்களுக்கு 2.50 லட்சக் கிளைதான் நல்லது. அதற்கு மேல் தேவைப்படுகிற கடனை வங்கியில் சாதாரண வீட்டுக்கடனாக வாங்குங்கள். உங்கள் இருவர் சம்பளத்தையும் காட்டினால் கொஞ்சமாவது தருவார்கள். மிச்சத்துக்குத் தம்பி இருக்கிறார். விதிப்படி அவர் உங்கள் குடும்பத்தில் இல்லை, ஆனால் ஒட்டுவேலைக்கும் கூரைக்கும் அவரிடம்தானே போய் நிற்பீர்கள்.

சம்பளம் ஏறினால் என்ன ஆகும் என்ற யோசனையும் வரும். லாட்ஜில் 18,000 ஆக்கினால் 2,16,000, மனைவியுடையது 76,500, மொத்தம் 2,92,500. இன்னும் உள்ளேதான். 19,000 ஆனால் 3,04,500, தாண்டிவிடும். அதற்காக முதலாளியிடம் சம்பளத்தைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கார்டு வேலையை இந்த மாதமே ஆரம்பியுங்கள். பேரூராட்சி அலுவலகத்தில் மனு போடப் போகும்போது பட்டா, ஆதார், கார்டு, வருமானச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே ஜெராக்ஸ் எடுக்க மெயின் ரோட்டுக்குத்தான் வர வேண்டும்.